நாகலெட்சுமி குடித்த ஸ்டவுட்

டிக்கோயாவுக்கு மேல இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துல போயி நாகலெட்சுமி வீடு எதுன்னு கேட்டுப் பாருங்க. "யாரு, தவறணைய மூட வச்சாங்களே, அந்த அக்காவா?"ன்னுதான் திருப்பிக் கேப்பாங்க. பேரு அப்பிடி. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல ஒரு சாராயக் கடை, வேற எடமே கெடைக்காத மாதிரி! சம்பளம் போட்ட அன்னிக்கு ஆம்பளைங்க பாதிப் பேரு அதத் தாண்டி வீட்டுக்கு வந்ததில்ல. ஒரு நாள் பறிச்ச கொழுந்த நிறுத்துப் போட்டுட்டு வந்த நாகலெட்சுமி, இடுப்புல கட்டின படங்குச் சாக்கோட அப்பிடியே நடுரோட்டுல குந்திட்டா. அவளப் பாத்து இன்னொருத்தி, அவளப் பாத்து இன்னொருத்தி. பஸ்ஸு நின்னு போச்சு, பொலிஸ் வந்துச்சு. "அள்ளிக்கிட்டுப் போனாலும் சரி, அடிச்சுக்கிட்டுப் போனாலும் சரி, கடைய மூடாம எந்திரிக்க மாட்டோம் மாத்தயா"ன்னு அரைகுறைச் சிங்களத்துல சொன்னா. கொஞ்ச நாள் இழுபறிக்கு அப்புறம் மூடிட்டாங்க. அன்னையிலேருந்து அவ வர்றதப் பாத்தா ஆம்பளைங்க சாரத்த எறக்கி விட்டுக்கிட்டு ஒதுங்கி நிப்பாங்க, மனசுக்குள்ள திட்டிக்கிட்டே.

அப்பேர்ப்பட்ட நாகலெட்சுமி ஸ்டவுட்டுங்கிற கறுப்பு பியரக் குடிச்ச கதைதான் இது. சிரிக்காதீங்க, சிரிக்கிற கதை இல்ல. நடுவுல ஒரு எடத்துல சிரிப்பு வரும், வந்தா வந்துட்டுப் போகட்டும்.

அவ புருசன் செல்லசாமிக்கு ஸ்டோருல வேலை. தேயிலை அரைக்கிற பெக்டரிய இங்க ஸ்டோருன்னுதான் சொல்றது. அதுல கொழுந்து காய வைக்கிற அடுப்புப் பக்கம் நின்னாரு. வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது. அடுப்பு சூடு கூடினாலும் கொறைஞ்சாலும் மோந்து பாத்தே கண்டுபிடிச்சிருவாரு. குடிக்காத செல்லசாமி தங்கம். மக கிருஷாந்திய தோள்ல தூக்கிக்கிட்டு தேர்த்திருவிழா காட்டுவாரு, பொண்டாட்டிக்கு வெறகு பொளந்து வைப்பாரு. குடிச்ச செல்லசாமி இருக்காரே, அது வேற ஆளு. அந்த ஆளு அடிப்பான். அடுத்த நாளு காலையில தங்கம் எந்திரிச்சு வந்து, "புள்ள, தேத்தண்ணி இருக்கா?"ன்னு தரையப் பாத்துக் கேக்கும். இப்பிடி ஒரே மனுசனுக்குள்ள இருந்த ரெண்டு பேரோட குடும்பம் நடத்தினவ அவ.

அடியக்கூட மறந்துருப்பா. வரிசையா ஒட்டிக் கெடக்குற இந்த லயத்து வீடுங்கள்ல அடி வாங்காத பொம்பள யாரு? மறக்க முடியாதது ஒண்ணு இருந்துச்சு.

கிருஷாந்திக்கு அப்புறம் ஒரு பிள்ளை வயித்துல தங்குச்சு. மாசம் நெறைஞ்ச நேரம், ஒரு மழை நாளு சாயங்காலம் பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு. செல்லசாமியத் தேடி ஸ்டோருக்கு ஆள் ஓடினா, அவரு வேலை முடிஞ்சு போயிட்டாரு. எங்க? வேற எங்க! பிள்ளை பொறக்கப் போற சந்தோசத்துல தவறணையில கூட்டாளிங்களுக்கு ஸ்டவுட் வாங்கிக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. கூப்பிடப் போனவன்கிட்ட, "இந்தா வந்துட்டேன், இன்னும் ஒரே ஒரு கிளாசு"ன்னாராம். அவரு வந்து லொறிக்குச் சொல்லுவாரு, சொல்லுவாருன்னு பாத்திருந்துட்டு, கடைசியில பொம்பளைங்களே அவள கம்பளியில போட்டுத் தூக்கிக்கிட்டு எறங்கினாங்க. ஆஸ்பத்திரியில பிள்ளை பொறந்துச்சு. அழல. ஆம்பளப் பிள்ளை. அந்த "இன்னும் ஒரே ஒரு கிளாசு" அவ காதுக்கும் வந்து சேந்துச்சு. லயத்துல எதுதான் வந்து சேராது?

அதுக்கப்புறம் அவரோட குடும்பம் நடத்தினா, சோறு போட்டா, துணி தொவைச்சா. மன்னிக்க மட்டும் செய்யல. மக கிருஷாந்தி வளந்து கொழும்புக்கு கார்மண்ட் வேலைக்குப் போனா, அங்கயே ஒருத்தனக் கட்டிக்கிட்டா. அப்பாவோட பேச்சு வார்த்தை கெடையாது. தீபாவளிக்கு வந்தாலும் அம்மாவப் பாத்துட்டு, ஒரு நாளு தங்கிட்டுப் போயிருவா.

இப்பிடி இருக்கையில செல்லசாமிக்கு ரொட்டி எறங்கல. பெறகு சோறு எறங்கல. பெறகு கஞ்சியும் நெஞ்சுல நின்னுச்சு. கண்டியில கொண்டு போயிப் பாத்தப்ப, உணவுக்கொழாயில புத்துநோய், ரொம்ப முத்திருச்சுன்னாங்க. தொண்டைக்கும் கழுத்துக்கும் கரண்ட்டு வச்சாங்க. வயித்துல ஒரு ஓட்டை போட்டு கொழாய் வச்சு, அது வழியா பால் ஊத்தச் சொல்லிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. "வாய் வழியா ஒண்ணும் குடுக்காதீங்கம்மா, பொரையேறினா ஆபத்து"ன்னு நேர்ஸம்மா கையப் புடிச்சுச் சொன்னாங்க. இன்னும் எவ்வளவு நாளுன்னு நாகலெட்சுமி கேட்டா. அந்தம்மா புடிச்ச கைய விடவே இல்ல.

அவ வேலைய விட்டுட்டு அவரப் பாத்துக்கிட்டா. வாயி வஞ்சுக்கிட்டே இருக்கும், கையி செஞ்சுக்கிட்டே இருக்கும். "முப்பது வருசம் எனக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்காத மனுசனுக்கு நான் ஊத்துறேன் பாரு பாலு"ன்னு சொல்லிக்கிட்டே பாலு சூடா இருக்கான்னு பொறங்கையில விட்டுப் பாப்பா. செல்லசாமி கூரையப் பாத்துக்கிட்டுக் கெடப்பாரு. பேசினாலும் கொரலு காத்தா வரும்.

ஒரு மத்தியானம் மிசுட்டு எறங்கி எதுத்த மலையே தெரியல. செல்லசாமி மெதுவா, "புள்ள"ன்னாரு.

"என்னங்க?"

"ஒரு வாய் ஸ்டவுட்டு கெடைக்குமா?"

நாகலெட்சுமிக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. "வெளக்கமாறு கெடைக்கும். வேணுமா? சாகப் போற நேரத்துலயும் அதத்தான் கேக்குது பாரு கட்டை! மகளக் கேக்கத் தோணல, சாமியக் கேக்கத் தோணல..." இன்னும் என்னென்னமோ சொன்னா. சாயங்காலம் பாலு கொண்டு வந்தப்ப அவரு கொழாயக் கையால மூடிக்கிட்டாரு. "போதும் புள்ள. சும்மா விடு"ன்னாரு. கோபமா சொல்லியிருந்தா அவளும் கத்தியிருப்பா. கெஞ்சின மாதிரி சொன்னாரு. மறுநாளும் அதே கதைதான். இந்த மனுசன் இல்லாத வீட்ட அவ எத்தனையோ தடவ மனசால கேட்டிருக்கா. கேட்டது கெடைக்கப் போகுதுன்னதும் பயமா இருந்துச்சு.

பக்கத்துக் காம்பராவுல இருக்கிற சுதாகரன் ஆட்டோ ஓட்டுறவன். பொம்பளை போயி வாங்க முடியாத சாமான், அவன விட்டா ஆளில்ல. போயி, "தம்பி, டவுனுக்குப் போனா ஒரு ஸ்டவுட்டு வாங்கிட்டு வா"ன்னா.

சுதாகரன் சாவியக் கீழ போட்டுட்டான். "யாருக்கு அக்கா?"

"உங்கப்பனுக்கு. வாங்கிட்டு வாடான்னா கேள்வி என்ன வேண்டிக் கெடக்கு? பேப்பர்ல சுத்திக் கொண்டா. ஊரெல்லாம் தமுக்கு அடிச்ச, தொலைச்சுப்புடுவேன்."

அவன் தமுக்கு அடிக்கல. பேப்பர்ல சுத்தி, சீட்டுக்கு அடியில வச்சு, நல்ல பிள்ளையா கொண்டு வந்து குடுத்தான். ஆனா பேப்பர்ல சுத்தின போத்தல் போத்தல் மாதிரிதானே இருக்கும்!

நேர்ஸம்மா சொன்னது ஞாபகம் இருந்ததால, நாகலெட்சுமி சுத்தமான துணிய ஸ்டவுட்டுல நனைச்சுப் புழிஞ்சு, அவரு நாக்குல வச்சா. செல்லசாமி கண்ண மூடிக்கிட்டு வாய அசைச்சாரு. அசைச்சுக்கிட்டே இருந்தாரு. பெறகு கண்ணத் தொறந்தாரு. "ஒண்ணும் தெரியல புள்ள. பச்சத்தண்ணியாட்டம் இருக்கு. கரண்ட்டு வச்சதுல நாக்கு செத்துப் போச்சு போல." சொல்லும்போதே கண்ணுல தண்ணி கோத்துருச்சு. அந்த மனுசன் அழுது அவ பாத்ததில்ல. ஆஸ்பத்திரியில அந்தப் பிள்ளையத் துணியில சுத்தி கையில குடுத்தப்பக்கூட கல்லாட்டம் நின்ன ஆளு.

கண்ணத் தொடைச்சுக்கிட்டு, "நீ குடிச்சுப் பாத்து எப்பிடி இருக்குன்னு சொல்லு"ன்னாரு.

"நானா? கலி முத்திப் போச்சு! தவறணைய மூடினவ வாயில ஊத்தப் பாக்குறீங்களா?"

"வேற யாருகிட்ட கேக்கச் சொல்ற? சுதாகரன்கிட்ட குடுத்தா 'சூப்பரா இருக்கு அண்ணே'ம்பான், அவ்வளவுதான். நீதான் பொய் சொல்ல மாட்ட. உள்ளத உள்ளபடி சொல்லுவ. அந்த வாயால கேட்டா எனக்கு வெளங்கும்."

முப்பது வருசத்துல அவர் அவளப் பத்தி நல்லதா ஒண்ணு சொன்னது அதுதான் மொதத் தடவ. சொன்னதும் இதுக்காகத்தான்னு நெனைச்சா ஆத்திரமா வந்துச்சு. ஆனாலும் போத்தல எடுத்துக்கிட்டு குசினிக்குப் போனா.

இப்பதான் அந்தச் சிரிக்கிற எடம். அவளுக்கு குடிக்கிற சாமானப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. இந்தக் குளிருல பச்சத்தண்ணியக்கூட யாரும் அப்பிடியே குடிக்கிறதில்ல. அதனால போத்தல அப்பிடியே கேத்தல்ல கவுத்து அடுப்புல வச்சா. கறுப்பா வேற இருக்கு, பால் ஊத்தாத சாயத் தேத்தண்ணிக்கு அக்கா தங்கச்சியா இருக்கும்னு நெனைச்சுட்டா. ரெண்டு நிமிசத்துல நொரை கேத்தல் மூடியத் தூக்கிக்கிட்டு வழிஞ்சு, அடுப்ப அணைச்சு, வெறகெல்லாம் சொதசொதன்னு ஆயிருச்சு. மிச்சத்தக் கோப்பையில ஊத்தி, இங்க எல்லாரும் வெறுஞ்சாயம் குடிக்கிற மாதிரி உள்ளங்கையில கொஞ்சம் சீனிய வச்சுக்கிட்டு, அவரு முன்னால வந்து குந்தினா. சீனிய ஒரு நக்கு, ஸ்டவுட்ட ஒரு வாய்.

செல்லசாமி பாத்தாரு. "என்ன புள்ள ஆவி வருது?"

"சூடாக்கினேன்."

"ஸ்டவுட்டயா?"

"பின்ன? பச்சையா குடிச்சா சளி புடிக்காதா?"

செல்லசாமிக்கு மொதல்ல தோளு குலுங்குச்சு. பெறகு வயித்தப் புடிச்சுக்கிட்டாரு. சத்தமே இல்லாத சிரிப்பு. கண்ணு, கழுத்து நரம்பு, எலும்பு மட்டும் மிஞ்சின நெஞ்சு எல்லாம் சிரிக்குது. எச்சித் துப்புற கோப்பை உருண்டு ஓடுது. "கையில சீனி வேற!"ன்னுட்டு மறுபடியும் சிரிச்சாரு. நாகலெட்சுமி மொகத்த இறுக்கமா வச்சுப் பாத்தா. முடியல. அவளும் சிரிச்சுட்டா. ரெண்டு பேரும் சேந்து சிரிச்சு எவ்வளவு காலமாச்சுன்னு அவளுக்கே நெனவில்ல.

"சரி, எப்பிடி இருக்கு?"

"அடிபுடிச்ச கஞ்சிச் சட்டியில தண்ணி ஊத்தி அலசிக் குடிச்ச மாதிரி இருக்கு. இதுக்காய்யா முப்பது வருசம் சாக அடிச்ச?"

அன்னிக்கு சாயங்காலம் கொழாய மூடாம பாலு வாங்கிக்கிட்டாரு. அத விட வேற என்ன வேணும்? மறுவாரம் சுதாகரன் ரெண்டாவது போத்தல் கொண்டு வந்தான்.

இந்தத் தடவ செல்லசாமி அவள அடுப்புப் பக்கம் போக விடல. பக்கத்துல உக்கார வச்சு, கிளாசச் சாய்ச்சு ஊத்தச் சொன்னாரு. நொரை எறங்குற வரைக்கும் பொறுக்கச் சொன்னாரு. "மொதல்ல மோந்து பாரு. பெறகு கொஞ்சமா எடுத்து வாயிலயே வச்சிரு. மருந்து மாதிரி முழுங்கிராத."

அவ வச்சிருந்து முழுங்கினா. "கசப்பு."

"கசப்பு வாசப்படி. அதத் தாண்டி உள்ள வா."

"ஆமா, பெரிய பங்களா! உள்ள வரச் சொல்றாரு." இன்னொரு வாய் எடுத்தா. கண்ண மூடினா, அவர் மூடுற மாதிரியே. "ரொட்டி சுடையில ஓரம் கருகும்ல, அது."

"ம்."

"கோப்பி. வறுத்து இடிச்ச கோப்பித்தூள் டின்னத் தொறந்தா மூக்குல ஏறுமே, அந்த வாசம்."

"ம். அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல, தலை சுத்துது. போதும்."

செல்லசாமி கண்ணத் தொறக்கல. "ரொட்டி ஓரம், கோப்பி"ன்னு மெதுவா சொல்லிப் பாத்துக்கிட்டாரு. வாயி சும்மா அசைஞ்சுச்சு.

இதுக்குள்ள லயம் பூரா பத்திக்கிச்சு. நாகலெட்சுமி குடிக்கிறா! புருசன் சாகக் கெடக்குறான், இவ போத்தல் போத்தலா வாங்கிக் குடிக்கிறா! ஒரு நாள் தோட்டத்து மாதர் சங்கத்துப் பொம்பளைங்க வாசல்ல வந்து நின்னாங்க. முன்னால நின்னது மீனம்மா. அன்னிக்கு நாகலெட்சுமிக்கு அடுத்து ரோட்டுல குந்தினவ, அந்த மழை நாளுல கம்பளியில ஒரு மொனையப் புடிச்சுத் தூக்கினவளும் அவதான்.

"என்னடி இது, நாங்க கேள்விப்படுறது?"

"கேள்விப்பட்டது சரிதான். குடிக்கிறேன். அவரால குடிக்க முடியல, குடிச்சுச் சொல்லச் சொல்றாரு, சொல்றேன். இப்ப என்ன, என்னையும் ரோட்டுல குந்தி மூடப் போறீங்களா?"

மீனம்மா உள்ள எட்டிப் பாத்தா. பாயில கெடக்குற எலும்புக்கூட்டப் பாத்தா. மத்தவங்களக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. கொழும்புலேருந்து கிருஷாந்திதான் போன்ல அழுதா. "அம்மா, நீயுமா? அந்த ஆளு சாகுறதுக்குள்ள உன்னையும் கெடுத்துட்டுத்தான் போகுமா?"

"வந்து அப்பாவ ஒரு தடவ பாத்துட்டுப் போடி."

"எதுக்கு? அந்த ஆளு என்கிட்ட என்னத்தக் கேக்கப் போகுது?"ன்னுட்டு வச்சுட்டா. செல்லசாமி கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தாரு.

மூணாவது போத்தல் தொறந்த அன்னிக்கு வெயில் அடிச்சுச்சு. நாகலெட்சுமி யாரும் சொல்லாமலே கிளாசச் சாய்ச்சா, நொரை எறங்குற வரைக்கும் பொறுத்தா. மோந்தா. வாயில வச்சா. அன்னிக்கு கசப்பு அவள நிறுத்தல. ரொட்டி ஓரம் வந்துச்சு, கோப்பி வந்துச்சு. முழுங்கின பெறகு, அடிநாக்குல, எதிர்பாக்காத எடத்துல ஒரு இனிப்பு வந்து நின்னுச்சு.

"கித்துள் கருப்பட்டி"ன்னா. "காய்ச்சையில பதம் தப்பி லேசா கருகினா வருமே, அது. முழுங்கின பெறகுதான் வருது."

செல்லசாமி மொகம் மலந்து போச்சு. "வந்துருச்சா? அதுதான் புள்ள, அதுதான்! வேற?"

"வேற..." அவ மறுபடியும் ஒரு வாய் எடுத்தா. "கல்யாணம் கட்டின புதுசுல நீங்க ஸ்டோருலேருந்து வந்தா சட்டையில ஒரு வாசம் வரும். அடுப்புச் சூடும் காஞ்ச தூளும் கலந்து. அதுல ஒரு சொட்டு இதுல இருக்கு. அந்தச் சட்டைய நான் ஒடனே தொவைக்க மாட்டேன், தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. அவ சொன்னதே இல்ல. சொல்ற மாதிரி அவர் இருந்ததும் இல்ல.

செல்லசாமி கிளாசப் பாத்துக்கிட்டே பேசினாரு. "சாராயம் மறக்குறதுக்குக் குடிச்சது. அதுக்கு ருசின்னு ஒண்ணு இல்ல. ஸ்டவுட்டு சந்தோசத்துக்கு. கிருஷாந்தி பொறந்தன்னிக்கு. எனக்கு அடுப்பு வேலை குடுத்தன்னிக்கு." நிறுத்திட்டாரு. மூச்சு வாங்குச்சு. "அன்னிக்கும் இதுதான் புள்ள."

எந்த அன்னிக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். கிளாசு அவ கையிலதான் இருந்துச்சு.

"இன்னும் ஒரு கிளாசுன்னு சொன்னேன். எந்திரிச்சிருக்கலாம். எந்திரிக்கல. அதுக்கு நான் என்ன சொன்னாலும் எடுபடாது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நல்லாருக்கா? பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு நான் உக்காந்திருந்தது ஒரு ஒதவாத கழுவுதண்ணிக்கா, இல்ல அதுலயும் ஒரு நல்லது இருந்துச்சா? நல்லாருக்குன்னு நீ சொல்லிட்டா, நான் முழுசும் மிருகமில்ல, ருசி தெரிஞ்ச ஒரு மனுசன்தான் தப்புப் பண்ணிட்டான்னு நெனைச்சுக்கிட்டுப் போயிருவேன்."

நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் அவ வயித்தெரிச்சலே! மூணாவது வாயிலயே நாக்கு ஒத்துக்கிச்சு, நாலாவது வாய் எப்ப எடுப்போம்னு இருந்துச்சு. இந்த இனிப்ப வாயில வச்சுக்கிட்டுத்தானே "இந்தா வந்துட்டேன்"ன்னாரு? நல்லாருக்குன்னு சொன்னா, அந்த ஒரு கிளாசு ஞாயமாயிராதா? கம்பளியில மழையில நனைஞ்சுக்கிட்டு எறங்கினதுக்கு, பொறந்து அழாத பிள்ளைக்கு, யாரு பதில் சொல்றது? தாயி நானே சரின்னு சொல்லிட்டா அந்தப் பிள்ளைக்குன்னு பேச ஒலகத்துல யாரு இருக்கா?

"கசக்குது"ன்னா.

செல்லசாமி அவ மொகத்தப் பாத்தாரு. "பொய் சொல்ற."

"நான் எப்பங்க பொய் சொல்லியிருக்கேன்?"

அவரு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

அடுத்து வந்த நாளுங்கள்ல அவரு ஸ்டவுட்டு கேக்கல. பாலு குடுத்தா வாங்கிக்கிட்டாரு. ஆனா காலையில எந்திரிச்சதும் ஒரு தடவ அவ மொகத்தப் பாப்பாரு, கேள்வியா. இவ பாக்காத மாதிரி வெறகு ஒடிப்பா, துணி மடிப்பா. ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லுவோம், இன்னிக்கு வேணாம்னு தள்ளினா. சொல்லக் கூடாதுன்னு இல்ல. இன்னும் கொஞ்சம் ஏங்கட்டுமேன்னு ஒரு கெட்ட புத்தி. தண்டனை குடுக்க அவகிட்ட வேற என்ன இருந்துச்சு, பாவம்? ஒரு வார்த்தைதான் இருந்துச்சு.

ஒரு காலையில, சரி, இன்னிக்குச் சொல்லிருவோம்னு முடிவே பண்ணிட்டா. தேத்தண்ணி ஊத்திக் குடிச்சுட்டு, மொதல்ல துணியக் காயப் போட்டுட்டு வந்து ஆற அமர உக்காந்து சொல்லுவோம்னு வெளிய போனா. கொடியில போர்வையப் போட்டுட்டு உள்ள வந்தப்ப செல்லசாமி போயிட்டாரு. ஒடம்புல இன்னும் சூடு இருந்துச்சு. "ஏங்க"ன்னா. "ஏங்க, இந்தா வந்துட்டேங்க"ன்னா. பெறகு தன் வாயில வந்தது என்னன்னு அவளுக்கே ஒறைச்சு, நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதா. அந்த அழுகைக்குத்தான் மீனம்மாவும் சுதாகரனும் ஓடி வந்தாங்க.

கிருஷாந்தி எழவுக்கு வந்தா. பொணத்துக் காலடியில அழாம நின்னா. கருமாதி வரைக்கும் அம்மாவோட தங்கினா.

கருமாதியன்னிக்கு படத்துக்கு மாலை போட்டு, செத்தவருக்குப் புடிச்சதையெல்லாம் எலையில படைச்சாங்க. மாசிக் கருவாட்டுச் சம்பல், கோழிக்கறி, வெத்தல, சுருட்டு. ஒரு அரைப் போத்தல் சாராயமும், சுதாகரன் வாங்கி வந்த ஸ்டவுட்டும். சூடம் காட்டி முடிச்சதும் படைச்ச குடிய ஆம்பளைங்க ஆளுக்குக் கொஞ்சமா பகுந்து குடிக்கிறது இங்க வழக்கம். ஒருத்தர் கைய நீட்டி ஸ்டவுட்டு கிளாச எடுக்கப் போனாரு.

"வையுங்க அத"ன்னா நாகலெட்சுமி.

கூட்டம் அப்பிடியே நின்னுச்சு. அவ படத்துக்கு முன்னால குந்தி, கிளாச எடுத்து, நொரை எறங்கிருச்சான்னு பாத்தா. ஒரு வாய் எடுத்து வச்சிருந்து முழுங்கினா. ஆம்பளைங்க மூஞ்சியச் சுளிச்சாங்க, ஒரு கெழவர் "ச்சீ, என்னம்மா இது"ன்னாரு. கிருஷாந்தி ஓடி வந்து கையப் புடிச்சா. "அம்மா! எல்லாரும் பாக்குறாங்கம்மா, வை!"

நாகலெட்சுமி மகள் பக்கம் திரும்பினா. மூக்கெல்லாம் ஒழுகுது. "நல்லாருக்குடி"ன்னா. "கசந்துட்டு, பெறகு இனிக்குதுடி. அன்னிக்கே நல்லாத்தான் இருந்துச்சு. அத ஒரு வார்த்தை என் வாயால கேக்கணும்னு அந்த மனுசன் தெனமும் காலையில என் மொகத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு."

கிருஷாந்தி புடிச்ச கைய விடல. அம்மா பக்கத்துலயே குந்தினா. அப்பா படத்தப் பாத்தா, இத்தனை நாளும் நேரா பாக்காதவ. கொரலு ஒடைஞ்சு போயி கேட்டா:

"சொன்னியாம்மா?"

"இல்லடி."